படிவத்தை யார் நிரப்புவது?

ரயில்வேயில் பாதைப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு, ஊரில் தானாகவே ஒரு புது உத்தியோகம் வந்து சேர்ந்துவிடுகிறது. படிவம் நிரப்பித் தரும் உத்தியோகம்! ரேஷன் கார்டா, ஆதார் திருத்தமா, முதியோர் பென்ஷனா, வங்கிக் கடனா, எதுவானாலும் மட்டாஞ்சேரியில் நம் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் "சார்கிட்ட போய்க் குடு" என்று சொல்லிவிடுகிறார்கள். மகிழ்ச்சியோடுதான் செய்து வருகிறேன். ஆனால் அண்மைக் காலமாக வரத் தொடங்கியிருக்கும் ஒரு வகைப் படிவத்தை மட்டும் நான் கையில் வாங்குவதில்லை. பன்னாட்டு மேல்நிலைப் பள்ளிகளில் இடம் கேட்கும் விண்ணப்பம்தான் அது. இதனால் இரண்டொரு பெற்றோருக்கு என்மேல் மனத்தாங்கல் என்று கேள்விப்பட்டேன். நம் சங்கத்து மலரிலேயே விளக்கம் சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றியது.

முதலில் 'இன்டர்நேஷனல்' என்ற சொல்லைப் பற்றிச் சிறிது. இன்று எர்ணாகுளத்தைச் சுற்றி ஒரு வலம் வந்தால் இந்தச் சொல் எழுதிய பெயர்ப் பலகைகள் எத்தனையோ கண்ணில் படும். உள்ளே போய் விசாரித்தால் பலவற்றில் நடப்பது நமக்குப் பழக்கமான சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம்தான். அதில் குறை ஒன்றும் இல்லை. நம் பிள்ளைகள் பலர் அதில் படித்தே நல்ல நிலைக்கு வந்திருக்கிறார்கள். ஆனால் பலகைக்காகக் கூடுதல் கட்டணம் கட்டுகிறோமா என்று ஒரு தடவை யோசிக்க வேண்டும். பள்ளி எதுவானாலும் முதற்கேள்வி ஒன்றுதான்: முடிவில் பிள்ளை எழுதப்போவது எந்தத் தேர்வு?

நான் இங்கே பேசுவது 'ஐ.பி.' எனப்படும் இன்டர்நேஷனல் பாக்கலோரியேட் டிப்ளமோவை நடத்தும் பள்ளிகளைப் பற்றி. இதன் பிறப்புக் கதை நம்மைப் போன்ற இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு மிகவும் நெருக்கமானது. முதல் உலகப் போருக்குப் பின் சர்வதேசச் சங்கம் ஜெனீவாவில் அமைந்தபோது, பல நாடுகளிலிருந்து அங்கே வேலைக்கு வந்த அதிகாரிகளின் பிள்ளைகளுக்காக 1924-ல் ஒரு பள்ளி தொடங்கினார்கள். அப்பாவுக்கு மாற்றல் உத்தரவு வந்தால் பிள்ளையின் படிப்பு பாதியில் நிற்கும். ஒரு நாட்டுச் சான்றிதழை இன்னொரு நாட்டுக் கல்லூரி ஏற்காது. இந்தத் தொல்லை தீரப் பல ஆண்டுகள் முயன்று, 1968-ல் ஐ.பி. அமைப்பை ஜெனீவாவிலேயே நிறுவினார்கள். நம் நாட்டிலும் அதே தொல்லைக்கு அதே காலத்தில் மருந்து தேடினார்கள். மாற்றலாகிப் போகும் மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்காக 1963-ல் வந்த சென்ட்ரல் ஸ்கூல், அதாவது கேந்திரிய வித்யாலயாதான் அது. பாலக்காட்டிலிருந்து கொல்லத்துக்கும், அங்கிருந்து வேறொரு ஊருக்கும் பெட்டி கட்டிய ரயில்வேக் குடும்பங்களுக்கு இந்த அருமை தெரியும். பன்னாட்டுப் பள்ளி என்பது பணக்காரரின் ஆடம்பரமாக மட்டும் பிறந்ததல்ல. மாற்றலில் அலைந்த உத்தியோகஸ்தரின் கவலையிலும் பிறந்தது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் இதன் தடம் பழையது. கொடைக்கானலில் அமெரிக்க மிஷனரிகள் தங்கள் பிள்ளைகளுக்காக 1901-ல் தொடங்கிய பள்ளிதான் இன்றைய கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல். 1976-ல் ஐ.பி.யை ஏற்று, இந்தியாவில் அதை நடத்திய முதல் பள்ளி என்ற பெயரைப் பெற்றது.

நம்மவர்களிடம் இப்போது அதிகம் பேசப்படுவது யுனைடெட் வேர்ல்டு காலேஜஸ் எனும் கல்லூரிகள். 'கல்லூரி' என்ற பெயர் இருந்தாலும் பெரும்பாலும் பதினாறு, பதினேழு வயதில் சேர்ந்து இரண்டு ஆண்டு படிக்கும் மேல்நிலைப் படிப்புதான். இதன் பின்னணியில் இருந்தவர் கர்ட் ஹான் என்ற ஜெர்மானியக் கல்வியாளர். யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஹிட்லரை எதிர்த்துப் பேசியதால் 1933-ல் கைதாகி, பின் பிரிட்டனில் தஞ்சம் புகுந்தவர். 1955-ல் நேட்டோ ராணுவக் கல்லூரி ஒன்றுக்குப் பேசப் போனார். பத்தே ஆண்டுகளுக்கு முன் போர்க்களத்தில் எதிரெதிரே நின்ற நாடுகளின் அதிகாரிகள் அங்கே ஒரே மேசையில் அமர்ந்து வேலை செய்வதைக் கண்டார். பெரியவர்களுக்கு முடிந்தது பிள்ளைகளுக்கு ஏன் முடியாது என்று எழுந்த எண்ணம், 1962-ல் வேல்ஸ் நாட்டின் ஒரு பழைய கோட்டைக்குள் அட்லாண்டிக் கல்லூரியாக உருவெடுத்தது. இந்த இயக்கத்தில் 1981-ல் சேர்ந்த வாட்டர்ஃபோர்டு கம்லாபா என்ற பள்ளி, தென்னாப்பிரிக்காவின் நிறவெறிக்கு எதிராக எல்லையை ஒட்டிய சுவாசிலாந்தில் 1963-ல் திறக்கப்பட்டது. நெல்சன் மண்டேலா சிறையில் இருந்தபோது அவருடைய மகள்கள் படித்தது அங்கேதான். இன்று உலகெங்கும் இப்படிப் பதினெட்டுக் கல்விக்கூடங்கள். நம் நாட்டில் உள்ளது புணேக்கு அருகே மலைமேல் 1997-ல் தொடங்கிய மஹிந்திரா கல்லூரி.

இங்கே சேர்வதற்கு அந்தந்த நாட்டுத் தேர்வுக் குழு இருக்கிறது. மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்த்து இடம் கொடுப்பதில்லை. பிள்ளை தன்னைப் பற்றி, தன் குடும்பம், தன் சூழல், தனக்குப் பிடித்தது பற்றியெல்லாம் எழுத வேண்டும். ஆசிரியர்களின் பரிந்துரை வேண்டும். அதன்பின் பொறுக்கி எடுத்தவர்களை அழைத்து, குழுவாகச் சில வேலைகளைச் செய்ய வைத்துப் பார்க்கிறார்கள், நேரில் பேசுகிறார்கள். விவரங்கள் ஆண்டுக்கு ஆண்டு சற்று மாறும்.

"இது என்ன தேர்வு? மார்க்கு வாங்கினவனுக்கு இடம் என்றால் நியாயம். பேசிப் பார்த்து எடுப்பதென்றால் வேண்டியவனுக்குத்தானே கிடைக்கும்?" என்று நம் செயற்குழு அன்பர் ஒருவர் கேட்டார். அவர் ஐயத்தில் பொருள் இருக்கிறது. ஆங்கிலம் சரளமாகப் பேசும் வீட்டுப் பிள்ளைக்கு அங்கே ஒரு படி முன்தூக்கம் இருக்கத்தான் செய்யும். ஆனாலும் என் தொழில் அனுபவம் வேறொன்றையும் சொல்கிறது. மீட்டருக்கு 52 கிலோ எடையுள்ள தண்டவாளம் 13 மீட்டர் நீளம் என்றால் 676 கிலோ. அதைக் கையால் தூக்கி நகர்த்தும்போது ஒரு குரலுக்கு எல்லோரும் ஒன்றாகத் தூக்க வேண்டும், ஒன்றாக இறக்க வேண்டும். ஒருவன் முந்தினாலும் பிந்தினாலும் அடுத்தவன் காலில் விழும். கேங்கில் புதிதாகச் சேர்ந்தவன் எப்படிப்பட்டவன் என்பது அந்த ஒரு தூக்கலில் மேஸ்திரிக்குத் தெரிந்துவிடும். எழுத்துத் தேர்வில் அது தெரியாது. நான் மூன்றாண்டு பாலிடெக்னிக் டிப்ளமோவோடு வேலைக்குப் போனவன். எங்களையெல்லாம் மார்க் ஷீட்டைப் பார்த்துத்தான் எடுத்தார்கள். அப்படி எடுத்ததில் நல்லவர்களும் வந்தார்கள், தண்டவாளத்தைக் கைவிட்டவர்களும் வந்தார்கள்!

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் ஓர் இஸ்திரிக் கடைக்காரர். மூன்று தலைமுறையாகக் கொச்சியில் இருக்கும் தமிழ்க் குடும்பம். மகள் பத்தாம் வகுப்பு. நன்றாகப் படிக்கும் பெண். பள்ளி ஆசிரியை ஒருவர் சொல்லித்தான் இந்தக் கல்லூரி பற்றி அவர்களுக்குத் தெரியவந்தது. தந்தை என்னிடம் வருவதற்கு முன்பே, உறவினர் ஒருவர் ஏதோ ஒரு பயிற்சி நிலையத்தில் பணம் கட்டிக் கட்டுரையை எழுதி வாங்கி வந்துவிட்டார். அழகான ஆங்கிலம். காலநிலை மாற்றம், உலகத் தலைமை, நிலையான வளர்ச்சி எல்லாம் இருந்தன. அந்தப் பெண் மட்டும் அதில் இல்லை! ஒரு சொல்லைக் காட்டி "இதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, "தெரியாது தாத்தா, நல்லா இருக்குன்னு வச்சிட்டாங்க" என்றாள்.

"சனிக்கிழமை நீ என்ன பண்ணுவே?" என்று கேட்டேன். பாட்டியை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவாளாம். பாட்டிக்கு இத்தனை ஆண்டுகளாகியும் மலையாளம் கடைத்தெரு அளவோடு நின்றுவிட்டது. "மயக்கமா வருது" என்பாள் பாட்டி. தமிழில் நாம் சொல்லும் மயக்கம் தலைசுற்றல். மலையாளத்தில் 'மயக்கம்' என்றால் கண் செருகும் தூக்கக் கலக்கம். ஒருமுறை டாக்டர், தூக்கம் வருவது நல்லதுதானே என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். அதுமுதல் இவள் கூடவே போய், "தலகறக்கம்" என்று திருத்திச் சொல்கிறாள். பாட்டி "நெஞ்சு கரிக்குது" என்றால் அது நெஞ்செரிச்சலா, நெஞ்சுவலியா என்று முதலில் பாட்டியிடமே கேட்டுத் தெளிந்துகொண்டு பிறகு டாக்டரிடம் பேசுகிறாள். வரிசையில் நிற்கும் வேறு தமிழ் அம்மாக்களும் இவளைக் கூப்பிடுகிறார்களாம். இரண்டு மொழிக்கு நடுவே நின்று ஓர் உயிரைப் பார்த்துக்கொள்ளும் வேலையைப் பதினைந்து வயதில் செய்கிறாள். இது அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

நான் சொன்னதும் தந்தைக்கு முகம் சுருங்கிவிட்டது. "இதுல பெருமையாச் சொல்ல என்ன சார் இருக்கு? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது எல்லா வீட்லயும் நடக்கிறதுதானே" என்றார். அதோடு, தந்தையின் தொழில் என்ற இடத்தில் இஸ்திரிக் கடை என்று எழுத வேண்டாம், 'பிசினஸ்' என்று போடலாமா என்றும் கேட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. தொழிலின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் எதிரில் இருப்பவர் முகம் மாறுவதைப் பார்த்துப் பழகிய மனிதர். பிள்ளைக்கும் அது வந்துவிடக் கூடாது என்று நினைக்கிறார். ஆனால் அந்த மறைப்பில் இரண்டு நஷ்டம். ஒன்று, உதவித்தொகை குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான். 'பிசினஸ்' என்று எழுதிவிட்டுப் பிறகு வருமானம் குறைவு என்று தாள் கொடுத்தால் யார் நம்புவார்கள்? மற்றது, அப்பாவின் கடையைச் சொல்ல நா எழாத பெண், பல நாட்டுப் பிள்ளைகள் நடுவே இரண்டு வருஷம் எதைச் சொல்லிக்கொண்டு வாழ்வாள்?

ஆகவேதான் நான் இந்தப் படிவத்தை நிரப்புவதில்லை. ஐ.பி. படிப்பில் ஒவ்வொரு மாணவரும் தாமே ஆராய்ந்து நாலாயிரம் சொற்கள் வரை ஒரு கட்டுரை எழுத வேண்டும். விண்ணப்பத்தின் சின்னக் கட்டுரையை நான் எழுதிக் கொடுத்தால், அந்த நாலாயிரத்தை எழுத நான் புணேக்குப் போக முடியுமா? அந்தப் பெண் கடைசியில் தானே இரண்டு பக்கம் எழுதினாள். எழுத்துப் பிழைகளைச் சுட்டிக்காட்டினேன். வாக்கியங்களில் கை வைக்கவில்லை. சற்றுக் கரடுமுரடான ஆங்கிலம்தான். படிக்கும்போது அவள் குரல் கேட்கிறது. அனுப்பியாயிற்று, பதில் இன்னும் வரவில்லை. கிடைக்காமலும் போகலாம். நாடு முழுவதிலிருந்தும் விண்ணப்பிக்கிறார்கள், இடங்களோ கொஞ்சம்.

படிவத்தில் மொழிகள் என்று ஓர் இடம் வரும்போது நம் வீடுகளில் நடப்பதையும் சொல்ல வேண்டும். ஆங்கிலம், இந்தி, மலையாளம் என்று வரிசையாக எழுதிவிட்டுத் தமிழை விட்டுவிடுகிறார்கள். கேட்டால், "அது வீட்ல பேசறதுதானே அங்கிள்" என்கிறார்கள். மட்டாஞ்சேரியில் அரை மணி நேரம் நடந்தால் கொங்கணி, குஜராத்தி, கச்சி, தமிழ், மலையாளம் எல்லாம் காதில் விழும். 1568-ல் கட்டிய யூதர் கோயிலும், சமணர் கோயிலும், டச்சு அரண்மனையும் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. பல மொழிக்காரரோடு ஒட்டி வாழ்வது எப்படி என்று மற்ற ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்குப் போய்க் கற்க வேண்டியதை, நம் பிள்ளைகள் தண்ணீர்க் குழாயடியில் கற்றிருக்கிறார்கள். அதை ஒளிப்பானேன்?

ஒரு நடைமுறைச் செய்தி. ஐ.பி.யில் தாய்மொழி இலக்கியத்தை, ஆசிரியர் இல்லாவிட்டாலும் பள்ளியின் மேற்பார்வையில் தானே படித்துத் தேர்வெழுத ஓர் ஏற்பாடு உண்டு. எந்த மொழிக்கு, எந்தப் பள்ளியில், எந்த ஆண்டு என்பதைப் பள்ளியிடம் எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்கிக்கொள்ளுங்கள். தமிழுக்கு வாய்ப்பு இருக்கிறது என்று பதில் வந்தாலும், பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டுமே! பேசுவார்கள், சினிமாப் பாட்டு முழுவதும் பாடுவார்கள், பேருந்துப் பலகையைப் படிக்கச் சொன்னால் திணறுவார்கள். கதை, கவிதை படித்து அதைப் பற்றி எழுத வேண்டுமென்றால் பதினாறு வயதில் 'அ, ஆ' தொடங்க முடியாது. சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வராமல் இருக்கக் காரணம் தேடுகிறவர்கள் இதைக் கவனிக்க.

விண்ணப்பிக்கும் முன் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டியது இன்னும் இரண்டு உண்டு.

முதலாவது, அகலப் பாதை, மீட்டர் பாதைக் கதை. ஷொர்ணூரிலிருந்து கொச்சிக்கு 1902-ல் ரயில் வந்தபோது அது மீட்டர் பாதை. ஷொர்ணூர் வழியாகச் சென்ற மதராஸ் பாதையோ அகலப் பாதை. ஒன்று 1000 மில்லிமீட்டர், மற்றது 1676. ஷொர்ணூரில் ஒவ்வொரு மூட்டையையும் இறக்கி வேறு வண்டியில் ஏற்ற வேண்டும். 1934-ல் கொச்சிப் பாதையை அகலமாக்கிய பிறகுதான் அந்த அவதி தீர்ந்தது. படிப்பிலும் இப்படி வண்டி மாற வேண்டிய இடங்கள் உண்டு. ஐ.பி. டிப்ளமோவை பிளஸ் டூவுக்குச் சமமாக இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் ஏற்கிறது. ஆனால் பாடத் தேர்வில் கவனம் வேண்டும். மொத்தம் ஆறு பாடம். இரண்டு மொழி, ஒரு சமூகவியல் பாடம், கணிதம் ஆகியவை பொதுவாக வந்துவிடும். மிச்சமுள்ள இரண்டு இடத்தில் இயற்பியல், வேதியியல் எடுத்தால் பொறியியலுக்குப் பாதை திறந்திருக்கும். மருத்துவத்துக்கு உயிரியலும் வேண்டும். மூன்று அறிவியல் பாடங்கள் சாதாரண அமைப்பில் அடங்காது. தனி அனுமதி கேட்க வேண்டியிருக்கும். 'நீட்' எழுதி இந்தியாவில் டாக்டராவதே குறிக்கோள் என்று உறுதியாக இருக்கும் பிள்ளைக்கு, இங்கேயே பிளஸ் டூ படிப்பதுதான் நேர்ப்பாதை என்பது என் அபிப்பிராயம். ஷொர்ணூரில் மூட்டை மாற்றும் வேலை எதற்கு?

இரண்டாவது பணம். கட்டணம் லட்சங்களில் ஓடுகிறது. தேவையைப் பொறுத்து உதவி கிடைக்கிறது. எல்லோருக்கும் முழுமையாகக் கிடைக்கும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். உதவி என்று சொல்லும்போது அதில் எது அடங்கும், எது அடங்காது என்று கேளுங்கள். போக்குவரத்து, காப்பீடு, கைச்செலவு, வெளிநாட்டுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் விசா எல்லாம் தனியாக வரலாம். நகையை அடகு வைத்து அனுப்ப வேண்டியிருந்தால் வேண்டாம் என்றே சொல்வேன். இரண்டு வருஷம் முடிந்ததும் படிப்பு முடிந்துவிடுவதில்லை. கல்லூரிச் செலவு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. இக்கல்லூரிகளில் படித்து முடித்தவர்களுக்கு அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் உதவி தரும் டேவிஸ் உதவித்திட்டம் 2000-ல் தொடங்கி நடந்து வருகிறது. அங்கேயும் முதலில் இடம் கிடைத்தாக வேண்டும்.

அந்தப் பெண்ணின் தாயார் கேட்டது வேறு. "பொம்பளப் புள்ளையை அவ்வளவு தூரம் எப்படி சார் அனுப்புறது? அங்க யாரோட அவ தமிழ் பேசுவா?" முதல் கேள்விக்கு ரயில்வேக்காரன் பதிலைச் சொன்னேன்: எர்ணாகுளத்திலிருந்து புணேக்கு நேரடி ரயில் இருக்கிறது, ஒரு நாளுக்குச் சற்று மேல் பயணம். அவருடைய மாமியார், அதாவது அந்தப் பாட்டி, கல்யாணமாகித் தமிழ்நாட்டிலிருந்து கொச்சிக்கு வந்தபோது வயது பதினேழு. அன்று யாரும் அவளிடம் அங்கே யாரோடு தமிழ் பேசுவாய் என்று கேட்கவில்லை. அவள் வந்தாள், பேசினாள், பிள்ளைகளைப் பேச வைத்தாள். பேத்தி போனால் படிக்கப் போகிறாள். விடுமுறைக்குத் திரும்பி வருவாள். தாயார் சமாதானமானதாகத் தெரியவில்லை. சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு இனி யார் போவது என்ற கேள்வியும் அந்த வீட்டில் இருக்கிறது. அதற்கு என்னிடம் இருந்த பதில், நம் சங்கத்து இளைஞர்கள் முறை போட்டுக்கொண்டு போகலாமே என்பதுதான். அடுத்த செயற்குழுவில் இதைக் கேட்கப் போகிறேன்.

இந்த ஆண்டு விண்ணப்பிக்க நினைக்கும் பிள்ளைகள், வருமானச் சான்று, மதிப்பெண் தாள், பிறந்த தேதிச் சான்று ஆகியவற்றை எடுத்துக்கொண்டு ஞாயிறு காலை தமிழ் வகுப்பு முடிந்ததும் சங்க நூலகத்துக்கு வரலாம். தாள்களைச் சரிபார்த்துத் தருகிறேன். கெடு தேதியைத் தேர்வுக் குழுவின் அறிவிப்பிலேயே சேர்ந்து பார்த்துக்கொள்வோம். கட்டுரைக்கு வெற்றுத் தாளும் பேனாவும் போதும். பெற்றோர் வெளியே வராந்தாவில் இருக்கலாம். அங்கே மின்விசிறி உண்டு.